ஆற்றுக்கு மேற்கே மூன்று விரல்

ஹாட்லி லாண்டிங், வட ஃப்ளோரிடா
ஏப்ரல் 27

மதிப்பிற்குரிய கார்லைல் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் நலம் விசாரிக்கிறேன். நம் விவாகரத்துக்குப் பிறகு இந்தப் பதினோரு ஆண்டுகளில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. பழைய கதை எதையும் கிளற எழுதவில்லை, பயப்படாமல் படிக்கலாம். தொட்டதும் ஓடு மூடிக்கொள்ளும் நம் பெட்டி ஆமைகளைப் பற்றி எழுதுகிறேன். பெட்டி ஆமை ஒன்றுகூட இல்லாத மாநிலமாகப் பார்த்து நீங்கள் மாண்டானாவில் குடியேறிவிட்டீர்கள். எங்களுக்கு இங்கே அந்த வசதி இல்லை.

மார்ச் கடைசி வாரம் நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க்கில் ஒரு வேன் பிடிபட்டது. ஓட்டி வந்தவன் டென்னசிக்காரன். பின்னால் மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள் நிறைய ஆண்கள் போடும் வெள்ளைக் காலுறைகள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும் ஒரு பெட்டி ஆமை, காலுறையின் வாயை டேப்பால் ஒட்டி. மொத்தம் நாற்பத்து மூன்று. கடல் தாண்டி எங்கோ பணக்காரர்களின் வரவேற்பறைக்குப் போகவிருந்தவை. வனவிலங்கு அலுவலகத்தார் வேனைப் பிடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், அதன் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். கடைசியில் எல்லாவற்றையும் ஓலீட்டா ஹாட்சரின் கொல்லையில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓலீட்டாவை உங்களுக்கு நினைவிருக்காது. முப்பது ஆண்டு பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஓய்வுக்குப் பிறகு அடிபட்ட பிராணிகளைப் பராமரிக்க உரிமம் வாங்கி வைத்திருக்கிறார். ஆமையைப் பார்த்து இனம் சொல்ல ஆள் வேண்டுமென்று அவர்தான் என்னைக் கூப்பிட்டார். நான் இங்கே சமுதாயக் கல்லூரியில் உயிரியல் சொல்லிக்கொடுக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் ஆமையின் பின்கால் விரலை எண்ணத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

வேனின் இருக்கைக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு ஆமையின் ஓட்டிலும் நகப்பூச்சால் ஓர் எண். நோட்டில் அந்த எண்ணுக்கு நேராகத் தேதி, சாலை, வானிலை. “சர்ச்சுக்கும் பாலத்துக்கும் நடுவில், மேற்குப் பக்கம், மழை விட்டபின்” என்பதுபோல ஒரு குறிப்பு. எழுத்துப் பிழைகள் ஏராளம். ஆனால் கார்லைல், இருபது ஆண்டுகளில் நான் பார்த்த கள ஏடுகளில் இதுதான் ஒழுங்கானது. எந்த ஆமைக்கு நல்ல விலை கிடைக்கிறதோ, அதைப் பிடித்த இடத்துக்கே மறுபடி போக வேண்டுமல்லவா, அதனால் பொய் எழுத அவனுக்குக் காரணமில்லை. நம்மைப் போன்றவர்களுக்குத்தான் காரணம் இருந்தது.

அலுவலகத்தின் வட்டார மேற்பார்வையாளர் பிரைஸ் கில்லம் என்பவர் போன வாரம் வந்தார். மடிப்புக் கலையாத சீருடை. கையில் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு வரைபடம். ஆமைகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, “மேடம், இந்த நோட்டு சுத்தப் பொய். எல்லாத்தையும் டல்லாகூசி ஆத்துக்கு மேற்க பிடிச்சேன்னு எழுதி வச்சிருக்கான். மேற்க மூணு விரல் ஆமைதான் உண்டு, மேப்புல போட்டிருக்கு. இதுல பாதிக்கு நாலு விரல். சிலதுக்கு ஒரு கால்ல மூணு, இன்னொரு கால்ல நாலு. இதுங்க இந்த ஊரு ஆமையே இல்ல. எங்கெங்கயோ பொறுக்கிட்டு வந்திருக்கான்” என்றார்.

ஓலீட்டா தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியை வைக்காமலே, “ஏம்ப்பா பிரைஸ், பொய் எழுதுற திருடன் தன்னையே மாட்டிவிடுற மாதிரியா, எங்க திருடினேன்னு எண் போட்டு எழுதி வச்சுக்குவான்?” என்று கேட்டார். கில்லம் முகம் சிவந்து, “மிஸ் ஓலீட்டா, இது விஞ்ஞானம். உங்களுக்குப் புரியாது” என்றார். “உன்ன ஏழு வருஷம் பஸ்ஸுல ஏத்திட்டுப் போனவ நான். உனக்கு என்னென்ன புரியும்னு எனக்கு நல்லாவே தெரியும்” என்றார் ஓலீட்டா. நான் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

அவர்கள் விதி இதுதான். பிடித்த இடம் உறுதியானால், நோய்ச் சோதனை முடிந்து அந்த இடத்திலேயே விடலாம். இடம் தெரியாத ஆமையை எங்கும் விடக்கூடாது; வேறு ஊர் ரத்தம் கலந்துவிடும். வைத்துக்கொள்ளவும் இடமில்லை, விலங்குக் காட்சி சாலைகள் எல்லாம் கையை விரித்துவிட்டன. ஆகவே ஊசி போட்டுக் கொல்ல வேண்டும். வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதால் நோட்டுப் பொய். நோட்டுப் பொய் என்பதால் இடம் தெரியாது. இடம் தெரியாததால் ஊசி. மே பதினேழாம் தேதி மூன்று பேர் கொண்ட குழு கூடி முடிவு சொல்லும்.

அந்த வரைபடம் உங்களுடையது. கீழ் ஓரத்தில் உங்கள் பெயரும் ஆண்டும் இன்னும் இருக்கின்றன. இருபது ஆண்டுக்கு முன் நாம் சேர்ந்து ஆய்வு செய்த மூன்று கோடைகளில் பிடித்து அளந்தது இருநூற்றுப் பன்னிரண்டு ஆமைகள். நீங்கள் வரைபடத்தில் ஏற்றியது நூற்று ஐம்பத்தொன்று. மீதி அறுபத்தொன்றும் மூன்று விரல் இனமும் நான்கு விரல் இனமும் சேர்ந்து பிறந்த கலப்பு. பெரும்பாலானவை ஆற்றுக்கு மேற்கே பிடித்தவை. அவற்றை அளந்து எழுதிய அட்டைகள் என்னிடம் இருக்கின்றன. பிரியும்போது நீங்கள் மைக்ராஸ்கோப்பைக் கேட்டீர்கள், நாயைக் கேட்டீர்கள். அந்த அட்டைகள் இருந்த பெட்டியைக் கேட்கவில்லை.

நான் வேண்டுவது ஒரு பக்கம். ஆற்றுக்கு மேற்கே கலப்பு ஆமைகள் இயல்பாகவே இருந்தன, அவற்றை வரைபடத்தில் சேர்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சமுதாயக் கல்லூரி ஆசிரியை சொன்னால் குழு கேட்காது. நீங்கள் சொன்னால் கேட்கும். அந்த அநியாயத்தைப் பற்றி இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. மற்றபடி புதிதாக எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ரோவீனா


ஹாட்லி லாண்டிங்
மே 8

மதிப்பிற்குரிய கார்லைல் அவர்களுக்கு,

உங்கள் பதில் கிடைத்தது. தட்டச்சில் ஐந்து வரி. தேதிக்குக் கீழே என் பெயரைத் தவறில்லாமல் எழுதியிருந்தீர்கள். அதற்கு நன்றி.

வரைபடம் ஒரு பொது வழிகாட்டி மட்டுமே என்கிறீர்கள். விதிவிலக்குகளை வைத்து வகைப்பாட்டைக் குலைக்க முடியாது என்கிறீர்கள். அந்த அறுபத்தொன்றும் மனிதர்கள் கொண்டுவந்து விட்டவையாக இருக்கலாம். அலபாமாவுக்கு விடுமுறைக்குப் போகிறவர்கள் சாலையில் கண்ட ஆமையைக் காரில் போட்டுக்கொண்டு வந்து வீட்டுத் தோட்டத்தில் விடுவது இந்தப் பக்கத்து வழக்கம் என்கிறீர்கள். வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தொன்று கார்லைல். அப்படியானால் இந்த மாவட்டத்தில் மூன்றுக்கு ஒரு வீட்டார் ஆமை பொறுக்குவதற்கென்றே விடுமுறைக்குப் போய்வந்திருக்க வேண்டும். அதுவும் வீடே இல்லாத சதுப்புநிலத்தில் கொண்டுபோய் விட்டிருக்க வேண்டும். இதை ஒரு முதலாம் ஆண்டு மாணவன் எழுதியிருந்தால் மதிப்பெண் போடாமல் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

கடைசி வரியில், உணர்ச்சியை விஞ்ஞானத்துக்குள் விடாதே என்று அறிவுரை வேறு. நீங்கள் எனக்குச் சொன்னவற்றில் அதிகம் தடவை சொன்னது இதுதான். அதை மட்டும் நீங்கள் மாற்றிக்கொள்ளவே இல்லை.

சைப்ரஸ் காட்டின் ஓரத்தில் அந்த ஜூலைக் காலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தோம். கரையில் இணைசேர்ந்துகொண்டிருந்த ஒரு ஜோடி. ஆண், ஓட்டின் பின் விளிம்பு கவிழ்த்த தட்டுப்போல விரிந்த பெரியது, முகத்தில் வெள்ளைத் திட்டு. சந்தேகமே இல்லாத நான்கு விரல் கடற்கரை ஆமை. பெண், ஆலிவ் நிற ஓடு, பின்காலில் மூன்று விரல். அரைமணி நேரம் பார்த்தோம். நான் அட்டையை எடுத்தேன். “அத எழுதாத ரோவீனா. படிக்கிறவன் கொழம்பிடுவான்” என்றீர்கள். நானும் எழுதவில்லை. எனக்கு வயது இருபத்தேழு. என் ஆய்வுப் பட்டத்தை அடுத்த ஆண்டு முடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டு உங்கள் அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தேன். ஆமைகளைக் கூடக் கேட்காமல் அவற்றின் நடுவே ஆற்றைக் கோடாகப் போட்டீர்கள். அந்த ஆற்றை அவை வெள்ளத்தில் மிதந்து கடக்கின்றன, வறட்சியில் நடந்தே கடக்கின்றன. அவற்றுக்குத் துணையினம் என்ற சொல் தெரியாது. தெரிந்திருந்தாலும் மதித்திருக்காது.

உங்களை மட்டும் சொல்லி என் கணக்கை முடித்துக்கொள்வதாக நினைக்க வேண்டாம். அறுபத்தொரு அட்டைகளிலும் மூலையில் “ஐயம், ஒதுக்குக” என்று எழுதியிருப்பது என் கை. அழகான கையெழுத்து. நடுங்கவே இல்லை.

இங்கே கூத்து தொடர்கிறது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஒருவன் வந்தான். ஒரு ஆமையின் அடி ஓட்டில் யாரோ கத்தியால் “E.T. 1931” என்று செதுக்கியிருக்கிறார்கள். பண்ணை வீட்டு ஆட்கள் ஆமையைப் பிடித்துப் பெயரும் ஆண்டும் செதுக்கிவிட்டு விடுவது உங்களுக்குத் தெரிந்ததுதான். இந்த ஆமைக்கு இடது பின்காலில் மூன்று விரல், வலதில் நான்கு. அப்படியானால் 1931-லேயே கலப்பு இருந்திருக்கிறது, இது போதுமே சாட்சி என்று பத்திரிகைக்காரன் குதித்தான். நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எழுத்தின் ஓரங்கள் தேயவேயில்லை; வயதைச் சொல்லும் ஓட்டின் வளையங்கள் பதினெட்டைத் தாண்டவில்லை. எவனோ சென்ற வருடம் வேடிக்கைக்குச் செதுக்கியது. அதை அப்படியே சொன்னேன். பத்திரிகைக்காரன் முகம் தொங்கிப்போனது.

அவன் போன பிறகு ஓலீட்டா என்னைப் பிடித்துக்கொண்டார். “கண்ணு, உண்மையப் பேசாட்டி உனக்குச் சோறே எறங்காதா? தானா வந்த சாட்சிய வாசல்லயே வெரட்டிட்டியே!” என்றார். பொய்ச் சாட்சியால் இந்த ஆமைகள் பிழைத்தால் அடுத்த முறை அதே பொய்யால் சாகும் என்றேன். “அடுத்த மொற அடுத்த மொற பாத்துக்கலாம். இந்த நாப்பத்து மூணுக்கு எந்த அடுத்த மொற இருக்கு?” என்றார். அவித்த வேர்க்கடலையை என் பக்கம் நகர்த்திவிட்டு, ஆமைத் தொட்டிகளைக் கழுவப் போனார்.

நேற்று முதல் ஒரு பெண் ஆமை தொட்டி மூலையில் பின்காலால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறது. முட்டையிடப் போகிறது. கில்லத்திடம் சொன்னேன். முட்டையும் இடம் தெரியாதவற்றில்தான் சேரும் என்று விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார்.

இனி உங்களிடம் கேட்கப்போவதில்லை. பதினேழாம் தேதி நான் போகிறேன். பெட்டியையும் எடுத்துக்கொண்டு.

இப்படிக்கு,
ரோவீனா


ஹாட்லி லாண்டிங்
மே 22

கார்லைல் அவர்களுக்கு,

முடிவை உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் எனக்கில்லை. ஆனாலும் தெரிவிக்கிறேன்.

விசாரணை தீயணைப்பு நிலையத்தின் கூட்ட அறையில் நடந்தது. குழுவில் மூன்று பேர். கில்லம் ஒருவர். இரண்டாவது, கால்நடை மருத்துவர் ஹெஸ்டர் ப்ரூவிட். கெட்டிக்காரி, ஆனால் மாட்டு வைத்தியம்தான் பழக்கம். மூன்றாவது, ஓய்வுபெற்ற காட்டிலாகா அதிகாரி ஆல்டன் மெக்ரே. அவர் ஆமை அடித்துச் சாப்பிட்ட தலைமுறை, அதை மறைக்கவும் இல்லை.

அட்டைகளைக் காட்டுவதால் பயனில்லை என்று முன்பே எனக்குத் தெரிந்திருந்தது. அச்சில் வந்த வரைபடத்தின் முன்னால் பென்சில் எழுத்து எடுபடாது. அதனால் முதல் நாள் கல்லூரி நகலெடுக்கும் இயந்திரத்தில் வரைபடத்தோடு நீங்கள் அச்சிட்ட இன அடையாளப் பட்டியலை மூன்று பிரதி எடுத்தேன். இரண்டு துணிக்கூடைகளில் பத்து ஆமைகளை ஓலீட்டா தூக்கிக்கொண்டு வந்தார். ஓட்டில் இருந்த எண்களின்மேல் டேப் ஒட்டியிருந்தேன். மூன்று பேரையும் ஒருவர் மாற்றி ஒருவராகப் பக்கத்து அறைக்குப் போகச் சொன்னேன். பட்டியலைப் படித்துப் பார்த்து, பத்து ஆமைகளையும் கிழக்கத்தியது, மூன்று விரல், கடற்கரை என்று இனவாரியாகப் பிரித்து எழுதித் தரச் சொன்னேன். சுலபமான பட்டியல்தானே, பள்ளிப் பிள்ளையும் பயன்படுத்தலாம் என்று முன்னுரையில் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று தாள்களையும் பலகையில் ஒட்டினேன். பத்தில் இரண்டு ஆமைகளில்தான் மூவருக்கும் ஒரே விடை. ஒரு ஆமை, நோட்டில் பதினேழாம் எண், கில்லத்துக்குக் கிழக்கத்திய ஆமை, மருத்துவருக்கு மூன்று விரல் ஆமை, மெக்ரேவுக்குக் கடற்கரை ஆமை.

பிறகு மருத்துவர் கில்லத்தைப் பார்த்து, “நீங்க எந்தக் கால எண்ணுனீங்க?” என்றார். “எல்லாரும் எண்ணுற காலத்தான்” என்றார் கில்லம். “எல்லாரும் எண்ணுற காலுன்னு ஒண்ணு இருக்கா?” “வலது காலு.” “பட்டியல்ல வலதுன்னு எங்க போட்டிருக்கு?” கில்லம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெக்ரே நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “நான் காலப் பாக்கவே இல்ல. இவ்ளோ பெரிய ஓட்ட வச்சுக்கிட்டு எவன் வெரல எண்ணிக்கிட்டு இருப்பான்?” என்றார். ஓலீட்டா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். சிரிப்புச் சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது.

மூவரையும் பார்த்து, இதே தாளை வைத்துத்தான் நாற்பத்து மூன்று உயிருக்கு ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யவிருந்தீர்கள் என்றேன். அதன் பிறகுதான் அட்டைகளை எடுத்து வைத்தேன். அறுபத்தொன்று. அதில் ஆற்றுக்கு மேற்கே நாற்பத்து நான்கு. இடம், தேதி, விரல் எண்ணிக்கை இரண்டு காலுக்கும் தனித்தனியாக. நோட்டில் அந்த டென்னசிக்காரன் எழுதியிருந்த சாலைகளில் ஒன்பது சாலைகள் நம் அட்டைகளிலும் இருந்தன. இருபது ஆண்டு இடைவெளியில் அவனும் நாமும் ஒரே சாலையில் ஒரே மாதிரியான ஆமையைத்தான் தூக்கியிருக்கிறோம்.

கில்லம் விடவில்லை. ஒவ்வொரு அட்டையாகப் புரட்டி, “இதுல ‘ஐயம், ஒதுக்குக’ன்னு எழுதியிருக்கே மேடம். யாரு எழுதுனது?” என்றார். நான் எழுதியது என்றேன். “அப்ப நீங்களே சந்தேகம்னு ஒதுக்கினத இப்ப நம்பச் சொல்றீங்களா?” என்றார். சந்தேகம் ஆமையின்மேல் வந்ததல்ல, வரைபடத்துக்குப் பொருந்தவில்லை என்பதால் ஒதுக்கியது. செய்தது தவறு, தெரிந்தே செய்தது என்றேன். அறையில் இருபது பேர் இருந்தார்கள், என் மாணவர்கள் நான்கு பேர் உட்பட. “யாரு சொல்லி ஒதுக்கினீங்க?” என்று அடுத்த கேள்வி. கையெழுத்து என்னுடையது என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன்.

இரண்டுக்கு ஒன்று. மருத்துவரும் மெக்ரேவும் நோட்டை ஏற்றுக்கொண்டார்கள். கில்லம் எதிர்த்து வாக்களித்துவிட்டு, உத்தரவைத் தானே பிழையில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்தார். அந்த ஒன்றுக்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

நேற்று காலை ஓலீட்டாவின் பிக்கப் வண்டியில் கொண்டுபோய் விட்டோம். அவர் ஓட்ட, நான் திருடனின் நோட்டை வாசித்து வழி சொன்னேன். “சர்ச்சுக்கும் பாலத்துக்கும் நடுவுல... இங்கதான், நிறுத்துங்க” என்பேன். புல்லில் வைப்போம். ஓட்டை மூடிக்கொண்டு கல்போலக் கிடக்கும். நாங்கள் வண்டியில் ஏறிய பிறகுதான் தலை வெளியே வரும். நன்றியெல்லாம் கிடையாது, இருக்க வேண்டியதுமில்லை. நாற்பத்திரண்டுதான் விட்டோம். ஒன்று விசாரணைக்கு மறுநாள் நிமோனியாவில் செத்துவிட்டது. முட்டைகள் நான்கும் ஓலீட்டாவின் கொல்லையிலேயே மண்ணுக்குள் இருக்கின்றன. பொரித்தால் தாயைப் பிடித்த சாலையிலேயே விட உத்தரவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி வாங்கிவிட்டேன்.

இதோடு முடிந்தது என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். உத்தரவு இந்த நாற்பத்து மூன்றுக்கு மட்டும்தான். வரைபடம் அப்படியே சுவரில் இருக்கிறது. எடுங்கள் என்று கில்லத்திடம் கேட்டேன். “வரஞ்சவரு வாபஸ் வாங்காம நான் எப்படி மேடம் எடுக்க முடியும்?” என்றார். அந்த ஆள் வாழ்நாளில் சொன்ன ஒரே சரியான வார்த்தை அதுவாக இருக்கலாம். அடுத்த வேன் வரும். அந்த நேரத்தில் மருத்துவர் வேறு, மெக்ரே இருக்க மாட்டார்.

அட்டைகளின் பிரதிகளை இந்தக் கடிதத்தோடு தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். நானே கட்டுரை எழுதி அச்சிட முடியும். மொழி தெரியும், தரவு இருக்கிறது, இப்போது கூச்சமும் போய்விட்டது. எழுதினால் உங்கள் பெயர் வராமல் எழுத முடியாது. விசாரணையில் உங்கள் பெயரைச் சொல்லாமல் விட்டதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள்மேல் எனக்கு இருக்கும் மதிப்பு எவ்வளவு என்று இந்த மூன்று கடிதங்களிலேயே தெரிந்திருக்கும். அந்த இடத்தை நீங்களே நிரப்புவீர்கள் என்று காலியாக விட்டேன், அவ்வளவுதான். வயது அறுபத்தாறு ஆகிறது உங்களுக்கு. வரைபடத்தை வாபஸ் வாங்கி நீங்கள் எழுதும் ஒரு பக்கத்துக்காகச் செப்டம்பர் வரை காத்திருக்கிறேன்.

மாண்டானாவில் மே மாதத்திலும் பனி விழும் என்கிறார்கள். படியில் பார்த்து நடங்கள். கை நடுக்கம் அதிகமாகியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் தட்டச்சு என்று புரிந்துகொள்கிறேன். இந்த ஒரு பக்கத்தை மட்டும் தட்டச்சு செய்யாதீர்கள். எழுத்து எவ்வளவு கோணினாலும் பரவாயில்லை, எனக்கு வாசிக்கத் தெரியும்.

நீண்ட ஆயுளோடு இருங்கள்.

ரோவீனா